உடலுக்கு வெளியே நான்கு மணி நேரம்

விதர்பாவின் ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையில், டயாலிசிஸ் பிரிவின் மூன்றாம் கட்டில் வாரத்தில் இரண்டு நாள் ஒரு பருத்தி விவசாயிக்கு உரியது. அவருக்கு வயது 58. இரு சிறுநீரகங்களும் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காலை ஆறு மணிக்கு எஸ்.டி. பேருந்தில் ஏறி, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்து, எடை பார்த்துக்கொண்டு, இடக்கையை நீட்டியபடி படுத்துவிடுவார். அங்கு பணியாற்றும் பெண் டெக்னீஷியன் அவரைவிட முப்பது வயது இளையவர். அவர் இவரைக் ‘காகா’ என்பார்; சிற்றப்பாவை அழைக்கும் சொல். இவர் அவரைத் ‘தாயி’ என்பார், மராத்தியில் அக்கா. வயதில் எவ்வளவு இளையவராயினும், ஊசி ஏற்றும் பெண்ணை அக்கா என்று அழைப்பது அங்குள்ளோர் மரியாதை.

மற்ற கட்டில்களில் இருப்பவர்கள் உறங்குவார்கள். சிலர் கைப்பேசியில் ஆழ்ந்திருப்பார்கள். காகா மட்டும் இயந்திரத்தின் முகப்பில் தொங்கும் கட்டைவிரல் பருமனுள்ள கண்ணாடி போன்ற சிறு அறையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுத்திகரிக்கப்பட்ட இரத்தம் உடலுக்குத் திரும்பும் முன் அங்கே சற்றுத் தேங்கி, காற்றுக்குமிழ்களை மேலே விட்டுவிட்டு, அடியில் உள்ள வலையின் வழியாக இறங்கும். பணியாளர்கள் அதை வீனஸ் சேம்பர் என்பார்கள். அதன் மேற்பரப்பில் நுரை இளஞ்சிவப்பாக இருந்தால் நலம். நுரை கறுத்து விளிம்பில் ஒட்டத் தொடங்கினால் நலமில்லை. மூன்று ஆண்டுகளில் காகா கற்ற பாடம் இது. எவரும் அவருக்குச் சொல்லித் தந்ததன்று.

கறுத்து ஒட்டுவது உறைந்த இரத்தம். டயாலிசிஸ் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது யூரியாவும் பொட்டாசியமும் அகற்றப்படுவதுதான். அந்தப் பணி நிகழ்வதற்கு முன்நிபந்தனை ஒன்று உண்டு: உடலை விட்டு வெளியேறிய இரத்தம் உடலை விட்டு வெளியேறியதை உணரக் கூடாது. உணர்ந்தால் உறைந்துவிடும். அது இரத்தத்தின் குறையன்று, அதன் கடமை. முள் கீறினாலும் அரிவாள் பட்டாலும் உயிர் தப்புவது இந்தக் கடமையால்தான். இரத்தக்குழாயின் உட்சுவரில் வரிசையாக அமைந்த உயிரணுக்கள் இரத்தத்தை ஓயாமல் அமைதிப்படுத்திக்கொண்டிருக்கின்றன. பிளாஸ்டிக் குழாய்க்கு அந்தத் திறன் இல்லை. அந்நியப் பரப்பைத் தொட்டதும் இரத்தத்திலுள்ள புரதங்கள் அதன் மேல் படிகின்றன, தட்டணுக்கள் ஒட்டுகின்றன, ஒரு நொதி அடுத்த நொதியைத் தூண்ட, இறுதியில் திராம்பின் உருவாகி, கரைந்திருந்த ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. காற்றைத் தொடும் இடங்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். சேம்பரில் முதலில் கறுப்பு தெரிவதற்கு அதுவே காரணம்.

டயலைசர் என்னும் வடிப்பானுக்குள் சுமார் 10,000 நுண்குழல்கள் உள்ளன. ஒவ்வொன்றின் உட்குழியும் ஏறத்தாழ 200 மைக்ரான் அகலம். நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் என்ற வேகத்தில் நான்கு மணி நேரம் ஓடினால் 60 லிட்டர் இரத்தம் இந்த இழைகளைக் கடக்கிறது. அதாவது உடலில் உள்ள மொத்த இரத்தமும் பன்னிரண்டு முறைக்கு மேல் வெளியே வந்து திரும்புகிறது. ஒவ்வொரு கணத்திலும் 150 முதல் 200 மில்லிலிட்டர் வரை குழாய்களிலும் வடிப்பானிலும் இருக்கும். சுற்று முழுவதும் உறைந்துபோனால் அந்த அளவு இரத்தம் குப்பைக்குச் செல்லும். ஹீமோகுளோபின் 8 கிராமைச் சுற்றியே இருக்கும் ஒருவருக்கு அது சிறிய இழப்பன்று. சிறுநீரகம் பழுதடைந்தவரின் உடல் புதிய சிவப்பணுக்களை ஆக்குவதிலும் பின்தங்கியிருக்கிறது.

இதைத் தடுக்கும் மருந்து ஒரு சிரிஞ்சில் அடங்கிவிடுகிறது. இயந்திரத்தின் ஓரத்தில் பொருத்தப்பட்ட அந்தச் சிரிஞ்சை ஒரு சிறு மோட்டார் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளே ஹெப்பாரின். அது மூன்றாம் கட்டிலை வந்தடைந்த வழி நீளமானது.

1913இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜேக்கப் ஏபலும் அவருடன் பணியாற்றியவர்களும் கொலோடியன் குழாய்களால் ஒரு செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்து விலங்குகளில் இயக்கிக் காட்டினர். வடிக்கும் சவ்வைவிட அவர்களுக்குத் தொல்லை தந்தது உறைதல்தான். அதற்கு அவர்கள் நாடியது அட்டைப்பூச்சியை. கடித்த இடத்தில் இரத்தம் உறையாமல் குடிப்பதற்கு அட்டை சுரக்கும் ஹிருடின் என்னும் பொருளை, அட்டைகளின் தலைகளை அரைத்துப் பிரித்தெடுத்தனர். 1924இல் ஜெர்மனியின் கீசன் நகரில் கேயார்க் ஹாஸ் முதன்முதலாக ஒரு மனிதருக்கு டயாலிசிஸ் செய்தபோதும் கையில் இருந்தது ஹிருடினே. அந்தச் சிகிச்சை 15 நிமிடங்களே நீடித்தது. அக்காலத்து ஹிருடின் தூய்மையற்றது. உடல் அதை வெறுத்தது. சவ்வும் இருந்தது, குழாயும் இருந்தது, நேரம்தான் இல்லை. கழிவுகள் வெளியேற மணிக்கணக்கான நேரம் வேண்டும்.

அந்த நேரத்தைத் தந்த பொருள் வேறொன்றைத் தேடியபோது தற்செயலாகக் கிடைத்தது. அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில், 1916இல், வில்லியம் ஹொவெலின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவரிடம், இரத்தத்தை உறையச் செய்யும் பொருளை ஆராயும் பணி ஒப்படைக்கப்பட்டிருந்தது. கல்லீரலில் இருந்து எடுத்த சாறு நேர்மாறாக நடந்துகொண்டது: இரத்தம் உறைய மறுத்தது. கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து 1918இல் ஹெப்பாரின் என்ற பெயர் பிறந்தது. கண்டுபிடிப்பின் புகழ் மாணவருக்கா ஆசிரியருக்கா என்ற வழக்கு நெடுங்காலம் ஓய்ந்தபாடில்லை. ஹாஸ் 1920களின் இறுதியில் ஹெப்பாரினைப் பயன்படுத்திப் பார்த்தார். 1930களில் டொரோன்டோவிலும் ஸ்டாக்ஹோமிலும் அது மனிதருக்குச் செலுத்தத்தக்க தூய்மையை எட்டியது. 1943இல், ஜெர்மானியப் படைகள் ஆக்கிரமித்திருந்த நெதர்லாந்தின் காம்பென் நகரில், வில்லெம் கோல்ஃப் மரப்பட்டிகைகளால் ஆன உருளையின் மீது செலோஃபேன் குழாயைச் சுற்றித் தம் இயந்திரத்தை இயக்கினார். இறைச்சி அடைக்கப் பயன்படும் குழாய் அது. அதில் இரத்தம் மணிக்கணக்கில் உறையாமல் ஓடியது ஹெப்பாரினால்தான். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் நினைவு திரும்பி எழுந்தார்.

ஹெப்பாரின் தானாக எதையும் தடுப்பதில்லை, உறைந்துவிட்டதைக் கரைப்பதுமில்லை. உடலில் ஏற்கெனவே இருக்கும் ஆன்டித்திராம்பின் என்னும் காவலரைப் பற்றிக்கொண்டு, அதன் வேகத்தை ஏறத்தாழ ஆயிரம் மடங்காக்குகிறது. சிரிஞ்சில் இருக்கும்போது அது இயந்திரத்துக்கான மருந்து. குழாயில் கலந்த பிறகு மனிதருக்கான மருந்து. சுற்றை மட்டும் காத்துவிட்டு உடலைத் தொடாமல் நின்றுகொள் என்று அதற்குக் கட்டளையிட இயலாது. உடலில் எங்கேனும் ஒரு புண் திறந்திருந்தால், குழாயைக் காக்கும் அதே துளி அந்தப் புண்ணையும் திறந்தே வைக்கும். சிறுநீரகம் செயலிழந்தவரின் தட்டணுக்களோ ஏற்கெனவே மந்தமானவை. ஒரே இரத்தம் வெளியே எளிதில் உறைகிறது. உள்ளே எளிதில் கசிகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய பாதையில்தான் நான்கு மணி நேரமும் கழிகிறது.

இன்று பயன்படும் ஹெப்பாரினில் மிகப் பெரும்பகுதி பன்றிக் குடலின் உட்சவ்வில் இருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. தரமான மருந்தைக் குப்பியில் அடைத்துவிட்டால் மிச்சம் எல்லாம் கணக்குதான் என்ற நம்பிக்கையை 2008 உலுக்கியது. அவ்வாண்டு தொடக்கத்தில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், டயாலிசிஸ் தொடங்கிய சில நிமிடங்களில் நோயாளிகளுக்கு முகம் வீங்கியது, இரத்த அழுத்தம் சரிந்தது. அங்கிருந்தவர்கள் அதைத் தற்செயல் என்று கடந்துவிடாமல் நோய்த்தடுப்பு அதிகாரிகளுக்குத் தெரிவித்தனர். தேடல் ஹெப்பாரின் குப்பிகளிலும், அவற்றின் மூலப்பொருள் வந்த சீன வழங்கல் சங்கிலியிலும் போய் நின்றது. மிகை சல்பேட் ஏற்றப்பட்ட காண்ட்ராய்டின் சல்பேட் என்னும் மலிவான பொருள் அதில் கலக்கப்பட்டிருந்தது. அது அன்றைய சோதனைகளில் ஹெப்பாரினைப் போலவே நடந்துகொண்டதால் தேறிவிட்டது. பல நாடுகளில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. மருந்தைப் பெற்றவர்களில் பலர் இறந்தனர். அதன் பிறகே அணுக்கருக் காந்த ஒத்திசைவு முதலிய நுட்பமான சோதனைகள் கட்டாயமாயின. ஆய்வகம் கண்டுகொள்ளாததை முதலில் கண்டது கட்டில் அருகே நின்ற கண்.

மூன்றாம் கட்டிலின் அருகிலும் அத்தகைய கண் உண்டு. தாயியிடம் நீளமான ஒரு பதிவேடு இருக்கிறது. டயலைசரைக் கழுவி அதே நோயாளிக்கு மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் நீடிக்கும் பிரிவு அது. ஒவ்வொரு முறை கழுவிய பிறகும், அதன் இழைகளில் எவ்வளவு நீர் கொள்கிறது என்று அளப்பார்கள். புதிதாக இருந்தபோது கொண்ட அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டும் என்பது விதி. விதி டயலைசருக்கானது, தாயி அந்த எண்களை மனிதருக்காகவும் வாசிக்கிறார். கொள்ளளவு வழக்கத்தைவிட விரைவாகக் குறைந்தால், கண்ணுக்குத் தெரியாமல் இழைகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன என்று பொருள். அப்போது மருந்தின் அளவு போதவில்லையா, ஊசி சரியாக அமையவில்லையா, ஃபிஸ்துலாவில் ஓட்டம் குறைகிறதா என்று மருத்துவரிடம் கேட்பார். ஊசி எடுத்த இடத்தில் இரத்தம் நிற்க அதிக நேரமானால் அது எதிர்ப்பக்கத்துச் சாட்சி. இவ்விரண்டு எண்களுக்கும் இடையில் காகாவுக்கு மருத்துவர் முடிவு செய்த அளவு: தொடக்கத்தில் 2000 யூனிட், பிறகு மணிக்கு 1000, முடிவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் நிறுத்தம். ஹெப்பாரினின் வீரியம் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஊசி எடுக்கும் நேரத்துக்குள் இரத்தம் தன் இயல்புக்குத் திரும்பத் தொடங்க வேண்டும்.

மழைக்காலத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காகா வழக்கம்போல் வந்து படுத்தார். ஊசிகள் ஏறின. ஹெப்பாரின் சிரிஞ்சைக் கையில் எடுத்தபடியே தாயி தம் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எங்காவது விழுந்தீர்களா? ஈறில் இரத்தம் வந்ததா? பல் பிடுங்கினீர்களா? மலம் கறுப்பாகப் போனதா?

ஆறு மாதங்களாகக் காகா இந்தக் கேள்விக்கு ஆம் என்றே சொல்லிவந்தார். இரும்புச்சத்து மாத்திரை உண்பவருக்கு மலம் கறுப்பாகத்தான் போகும், எல்லாருக்கும் தெரிந்தது. அன்றும் ஆம் என்றார். தாயி நகரவில்லை. “எப்போதும் போலவா, தார் போலப் பிசுபிசுப்பாகவா?” என்று கேட்டார். காகா சற்று யோசித்தார். இரண்டு நாளாகப் பிசுபிசுப்பாக இருக்கிறது, நாற்றமும் புதிதாக இருக்கிறது என்றார். பிறகு, கேட்காமலே, முழங்கால் வலிக்கு ஊர் மருந்துக்கடையில் பத்து நாளாக மாத்திரை வாங்கி உண்பதையும் சொன்னார். அதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று எவரும் கேட்கவில்லை. வலிக்கு மாத்திரை உண்பது ஒரு செய்தி என்று அவருக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை.

சிரிஞ்ச் மூடப்பட்டுத் தட்டுக்குத் திரும்பியது. மருத்துவர் வந்து பார்த்தார். இரைப்பையில் கசிவு இருக்கக்கூடும். இரத்த அழுத்தம் நிலையாக இருந்தது. ஆனால் பொட்டாசியம் உயர்ந்திருந்தது. டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால் இதயம் பொறுக்காது. ஹெப்பாரின் கொடுத்தால் இரைப்பை பொறுக்காது. குழாய்களுக்குள் மட்டும் சிட்ரேட் கலந்து கால்சியத்தைக் கட்டிப்போட்டு, உடலுக்குத் திரும்பும் முன் கால்சியத்தை ஈடுசெய்யும் முறை உண்டு. அதற்கு அடிக்கடி கால்சியத்தை அளக்கும் வசதி வேண்டும். அந்தப் பிரிவில் அது இல்லை. ஹெப்பாரின் இல்லாமலே நடத்துவது என்று முடிவாயிற்று.

ஹெப்பாரின் இல்லாத டயாலிசிஸ் என்பது மருந்தின் இடத்தில் மனிதர் நிற்பது. ஓட்டத்தை 300 மில்லிலிட்டராக உயர்த்தினார்கள். தேங்கும் இரத்தமே முதலில் உறையும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உடலில் இருந்து வரும் குழாயைக் கவ்வியால் அடைத்து, சலைன் குழாயைத் திறந்து, 100 மில்லிலிட்டரை டயலைசரின் வழியாக ஓட்ட வேண்டும். அந்தச் சில நொடிகள் சிவப்பு விலகி இழைகள் வெளுத்துத் தெரியும். வெளுக்காமல் நிற்கும் கருங்கோடுகள் எத்தனை என்று எண்ண வேண்டும். ஓட்டிய சலைன் முழுவதும் உடலுக்குள் போகும் என்பதால் அதையும் நீரகற்றும் கணக்கில் சேர்க்க வேண்டும். தாயியின் பொறுப்பில் மேலும் மூன்று கட்டில்கள் இருந்தன. கைப்பேசியில் இருபது நிமிட மணியை வைத்துக்கொண்டார். மணி அடிக்கும் முன்னரே காகா கையசைத்து அழைத்ததும் உண்டு.

முதல் இரண்டு மணி நேரம் கோடுகள் இரண்டோ மூன்றோதான். மூன்றாம் மணி நேரத்தில் அவை பத்தைத் தாண்டின. சேம்பரின் விளிம்பில் நுரை கறுக்கத் தொடங்கியது. திரும்பும் குழாயின் அழுத்தம் 120இல் இருந்து மெல்ல ஏறி 160ஐத் தொட்டது. பத்தாம் முறை சலைன் ஓட்டியபோது எண் 190. எச்சரிக்கை மணி ஒலிக்கும் எல்லை இன்னும் எட்டப்படவில்லை. குறித்த நேரத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. காத்திருந்தால் சிகிச்சை முழுமையடையலாம். காத்திருக்கும்போது உறைந்துவிட்டால் சுற்றில் உள்ள இரத்தம் முழுவதும் போய்விடும். உள்ளே ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும் மனிதருக்கு அந்த இழப்பு வேறு. தாயி மருத்துவரை அழைத்தார். நிறுத்திவிடலாம் என்றார் அவர். சலைனால் தள்ளி இரத்தத்தை உடலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சேம்பரின் வலையில் விரல் நகமளவு கட்டி ஒன்று மட்டும் தங்கியது. மூன்று மணி இருபத்தைந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. விடுபட்ட முப்பத்தைந்து நிமிடத்தை வியாழக்கிழமை ஒரு கூடுதல் முறையில் ஈடுசெய்யத் தீர்மானித்தார்கள்.

மாலையில் டயலைசரைக் கழுவி அளந்தபோது கொள்ளளவு 72 சதவீதம். அது குப்பைக்குச் சென்றது. பதிவேட்டில் தாயி அந்த எண்ணை எழுதி, பக்கத்தில் ‘ஹெப்பாரின் இல்லை’ என்று குறித்தார். உள்நோக்கிச் சோதனையில் இரைப்பையில் புண் இருந்தது தெரிந்தது. அடுத்த சில வாரங்கள் மருந்தில்லாமலும், பிறகு சிறிய அளவிலும் நடந்தது. முழங்காலுக்கு வேறு மாத்திரை எழுதித் தரப்பட்டது.

அறிவியலின் வரலாற்றை எழுதுவோர் மெக்லீனையும் கோல்ஃபையும் குறிப்பிடுவார்கள், குறிப்பிடத்தான் வேண்டும். அவர்கள் இல்லாவிடில் மூன்றாம் கட்டிலே இல்லை. பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்ட பின் மாவட்ட மருத்துவமனைகளுக்கு இயந்திரங்கள் வந்து சேர்ந்ததும் வரலாற்றில் இடம்பெறும். இயந்திரங்களை எண்ணுவது எளிது. எவ்வளவு யூனிட் ஹெப்பாரின் செலவாயிற்று என்பதையும் எண்ணலாம். ஒரு கறுப்புக்கும் இன்னொரு கறுப்புக்கும் வேறுபாடு கேட்ட அந்தக் கேள்விக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. நான்கு கட்டிலுக்கு ஒருவர் என்பது எட்டுக் கட்டிலுக்கு ஒருவர் என்று ஆகும் நாளில், முதலில் விடுபடப்போவது அந்தக் கேள்விதான். அது விடுபட்டதும் எவருக்கும் தெரியாது; சிரிஞ்ச் வழக்கம்போல் அழுந்திக்கொண்டிருக்கும்.

அன்று இயந்திரம் நின்ற பிறகு ஒரு வேலை மிச்சமிருந்தது. ஊசிகளை எடுத்த இரண்டு துளைகளின் மீதும் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு காகா உட்கார்ந்திருந்தார். மூன்றரை மணி நேரமாக உறையக் கூடாது என்று எல்லாரும் காவல் காத்த இரத்தம் இப்போது உறைந்தாக வேண்டும். வழக்கமாகப் பதினைந்து நிமிடம் ஆகும். அன்று ஐந்தே நிமிடத்தில் நின்றுவிட்டது. தாயி பஞ்சை மெல்ல எடுத்துப் பார்த்தார். துளையின் வாயில் கடுகளவு கருஞ்சிவப்பு உட்கார்ந்திருந்தது. “நன்றாகப் பிடித்துவிட்டது, காகா” என்றார். அவர் தம் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, முழுக்கைச் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.